ஓடைக்கரையில் ஓர் இரவு: பொறுப்பு யாருடையது?

சனிக்கிழமை பிற்பகலில் தக்கலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். வெளியூர்க் கார்கள் குலசேகரம் பாதையில் திரும்பி மலையை நோக்கிப் போவதைக் காணலாம். முன்னெல்லாம் இப்படி வருகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்ப்பார்கள். மாத்தூர் தொட்டிப் பாலத்தின் மேல் நடப்பார்கள். திற்பரப்பில் குளிப்பார்கள். பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். இப்போது வருகிறவர்களில் ஒரு பகுதியினர் அன்றே திரும்புவதில்லை. மலைக்குள்ளேயே இரவு தங்க வேண்டும் என்று வருகிறார்கள்.

அவர்கள் கேட்பது மெத்தையும் மின்விசிறியும் உள்ள அறையல்ல. ஓலை வேய்ந்த குடிசை அல்லது துணிக் கூடாரம், வாசலில் ஓர் ஓடை, கல் அடுப்பில் கஞ்சியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும். கைப்பேசி மணி அடிக்காத ஓர் இரவு. இவ்வளவு போதும் அவர்களுக்கு. இந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. நகரத்தில் ஆறு நாட்கள் புகையையும் இரைச்சலையும் சகித்துக்கொண்டவர்கள் ஏழாவது நாள் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுத் தூங்க விரும்பினால், அதில் என்ன தவறு? மலையோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இதனால் நாலு காசு கிடைக்கிறது. ரப்பர் விலை ஏறி இறங்கும் காலத்தில் அந்தக் காசும் பெரிய காசுதான்.

ஆகவே, தங்கலாமா கூடாதா என்பதல்ல நம் கேள்வி. தங்குகிறவர் தூங்கும்போது, ஓடையைப் பார்த்துக்கொண்டிருப்பது யார்? இதுதான் கேள்வி.

பகல் வேறு, இரவு வேறு

திற்பரப்பில் குளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரி நீர் திறந்துவிடப்பட்டு வெள்ளம் பெருகினால், அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுகிறார்கள். அங்கே காவல் இருக்கிறது, கயிறு இருக்கிறது, எச்சரிக்கும் ஆளும் இருக்கிறான். இவ்வளவும் பகலுக்காகச் செய்த ஏற்பாடு.

பகலிலேயே மலை வெள்ளம் எவ்வளவு வேகமாக வரும் என்பதைக் குற்றாலம் காட்டியது. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. ஜனங்கள் அலறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கவனியுங்கள்: அது ஆடியும் அல்ல, ஐப்பசியும் அல்ல. கோடை காலம். கண்விழித்திருந்த கூட்டத்துக்கே அந்தக் கதி என்றால், கூடாரத்துக்குள் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு என்ன கதி?

அதற்குப் பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. டெக்ஸாஸ் மாகாணத்தில் குவாடலூப் என்று ஓர் ஆறு. அதன் கரையில் 1926 முதல் பெண் குழந்தைகளுக்கான கோடை முகாம் ஒன்று நடந்து வந்தது. 2025 ஜூலை 4ஆம் தேதி விடிவதற்கு முன், அந்த ஆறு ஓரிடத்தில் 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. முகாமில் இருந்த குழந்தைகளும் பராமரித்தவர்களுமாக 27 பேர் மாண்டார்கள். பணத்துக்கோ யந்திரங்களுக்கோ பஞ்சமில்லாத தேசம் அது. வானிலை இலாகாவின் எச்சரிக்கையும் வெளியாகித்தான் இருந்தது. இருந்தும் பலன் என்ன? எச்சரிக்கை வானத்தில் இருந்தது; படுக்கை ஆற்றங்கரையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே எழுப்பிவிட வேண்டிய கை உரிய நேரத்தில் நீளவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்து வயநாட்டில் 2024 ஜூலை 30ஆம் தேதி மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை என்ற இரண்டு ஊர்களும் சேற்றில் புதைந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதுவும் நள்ளிரவுக்குப் பிறகு, ஊர் உறங்கிய வேளையில்தான் நடந்தது.

நம் மலையின் குணம்

கன்னியாகுமரி ஜில்லாவுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனியிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். நடுவே கோடை இடிமழை வேறு. நாஞ்சில் நாட்டின் பசுமைக்குக் காரணம் இதுதான். ஓடைக்கரையில் படுப்பவர் அஞ்ச வேண்டியதும் இதற்குத்தான்.

மலை செங்குத்தாக இறங்குகிறது. இந்த இறக்கத்தை நம்பித்தான் கோதையாற்றில் 1970ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு மின்நிலையங்கள் அமைந்தன. இரண்டும் சேர்ந்து 100 மெகாவாட் மின்சாரம் தரும் திறன் கொண்டவை. சக்கரத்தைச் சுழற்றும் அதே வேகம்தான், கரை தாண்டினால் குடிசையையும் புரட்டுகிறது. மலை உச்சியில் மழை கொட்டும்போது பள்ளத்தாக்கில் நிலா காயலாம். தண்ணீர் கலங்கி வருவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், ஓடையின் சத்தம் மாறுவதும்தான் அடையாளங்கள். இவற்றைப் பகலில் கண்டுகொள்ளலாம். இரவில், பழகிய காது ஒன்று விழித்திருந்தால்தான் உண்டு.

காணிக்காரர் காட்டும் வழி

அந்தப் பழகிய காது நம் மலையில் இல்லாமலில்லை. பேச்சிப்பாறையைச் சுற்றியும் அதற்கு மேலேயும் காணிக்காரர் குடியிருப்புகள் பல உள்ளன. மூட்டுக்காணி என்ற தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவர்கள் அவர்கள். மரத்தின் மேலே பரண் கட்டி, ஏறுமாடம் அமைத்து இரவில் படுப்பது அவர்களுடைய பழைய வழக்கம். யானைக்குப் பயந்து செய்தது அது. உயரத்தில்தான் உறக்கம் என்பது அவர்கள் கற்ற பாடம். ஓடை குடிப்பதற்கும் குளிப்பதற்கும், படுக்கை வேறிடத்தில்.

விருந்தாளியை வரவேற்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பித் திரிந்த நாட்களில் மார்த்தாண்டவர்மாவுக்குக் காணிக்காரர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்வதுண்டு. பிற்காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1987ல் அகஸ்திய மலையின் கேரளப் பகுதிக்கு விஞ்ஞானிகள் போனார்கள். வழிகாட்டிய காணிக்காரர்கள் களைப்பே இல்லாமல் நடந்ததைக் கண்டு வியந்தார்கள். அவர்கள் மென்ற காய் ஆரோக்கியப் பச்சை என்று தெரிந்தது. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாயிற்று. அந்த மருந்தின் உரிமத் தொகையில் பாதி காணிக்காரருக்கு என்று ஏற்பாடாகி, 1997ல் அவர்களுக்கென ஒரு டிரஸ்டும் அமைந்தது. மலைக்குப் போன விருந்தாளி, மலையின் அறிவுக்கு விலை கொடுத்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

இன்றைய முகாம்களுக்கும் அதே நியாயம் பொருந்தாதா? விறகு வெட்டவும் பாத்திரம் கழுவவும் மட்டும் மலைவாசியைக் கூப்பிட்டால் போதாது. இடம் எது, நேரம் எது என்று சொல்லும் அதிகாரமும், அதற்கேற்ற கூலியும் அவருக்கு வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி ஜில்லா குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. 23 உயிர்கள் போயின. அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வனத்துறையே முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் அழைத்துச் செல்லும் திட்டமும் தொடங்கியது. காட்டுத் தீ அபாயம் மிகுந்த காலத்தில் அந்தப் பாதைகளை மூடிவைக்கிறார்கள். 2025ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அப்படித்தான் மூடினார்கள். பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால் இவை நடக்கிறவனுக்கு ஏற்பட்ட விதிகள். படுக்கிறவன் விஷயம் வேறு. காப்புக்காட்டின் எல்லைக்கு வெளியே, தனியார் தோட்டத்தின் ஓரத்தில், ஓடை வளையும் இடத்தில் நாலு கூடாரம் அடித்தால் யார் வந்து பார்ப்பது? வனத்துறை தன் எல்லைக்கு அப்பால் என்று சொல்லலாம். சுற்றுலாத்துறை பதிவுச் சீட்டைக் கேட்கலாம். பஞ்சாயத்து வரி ரசீதைக் கேட்கலாம். ஓடை எவ்வளவு உயரம் ஏறும் என்று கேட்பவர் யார்?

யானைக்கும் எல்லைக் கல் தெரியாது. நம் ஜில்லாவின் வன உயிரின சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. 2022 ஆகஸ்டில் அகஸ்திய மலை யானைகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி மாண்டார். அதே மாதம் நீலகிரி மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானையின் மீது எரியும் துணியை வீசினார்கள். அது புண்பட்டு இறந்தது. மனிதன் சாகிறான், அல்லது மிருகம் சாகிறது. இடம் தெரியாமல் படுக்கை விரித்ததன் பலன் இரண்டும்.

கீழே இருப்பவர்கள் கதி

இது மலைக்குப் போகிறவர்களின் பிரச்னை, நமக்கென்ன என்று தக்கலைக்காரர்கள் இருந்துவிட முடியாது. பேச்சிப்பாறை அணை 1906ல் முடிந்தது. பெருஞ்சாணி 1950களில் வந்தது. கோதையாறும் பரளியாறும் கொண்டுவரும் தண்ணீர் இந்த அணைகளில் தேங்கி, புத்தன் அணை வழியாகவும் பட்டணங்கால் வழியாகவும் கல்குளம், விளவங்கோடு தாலுகா வயல்களுக்கு வருகிறது. பத்மநாபபுரம் புத்தனாற்றில் ஓடுவது மலையிலிருந்து இறங்கிய தண்ணீர்தான். மேலே ஒருவர் ஓடையில் சோப்புப் போட்டுக் குளித்தால், எச்சில் இலையை எறிந்தால், பாட்டிலைப் பாறையில் உடைத்தால், அது ஒரு நாள் நம் வாய்க்காலுக்கு வந்து சேரும். 2019 ஜனவரி முதல் ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடை கடைத் தெருவோடு நின்றுவிட்டால் போதுமா? மலைக்கும் ஏற வேண்டாமா?

ஒரு கல் போதும்

இதற்குப் பெரிய கமிஷனும் வேண்டாம், கோடிக்கணக்கில் பணமும் வேண்டாம். பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்று நம் ஜில்லாவில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அணையில் இன்று எத்தனை அடி என்று பத்திரிகையில் தினமும் பார்க்கிறோம். ஆனால் அணைக்கு மேலே, ஜனங்கள் படுத்துறங்கும் ஓடைகளில் அடிக்கணக்கு ஏது?

அந்தக் கணக்கு வேண்டும். தங்கும் முகாம் உள்ள ஒவ்வோர் ஓடையிலும், வெள்ளம் ஏறக் கண்ட உயரத்தில் ஒரு கல் நட வேண்டும். எங்கே நடுவது என்று மூட்டுக்காணியையும், பழைய தோட்டத் தொழிலாளிகளையும் கேட்டால் மரத்தில் சருகு சிக்கிய இடத்தைக் காட்டுவார்கள். அந்தக் கல்லுக்குக் கீழே பகலில் உட்காரலாம், கால் நனைக்கலாம். படுக்கை போடக் கூடாது. முகாம் நடத்துகிறவர் இரவு முழுவதும் விழித்திருக்க ஓர் உள்ளூர்க் காவலரை வைக்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்த நாளில் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஆட்களைக் கீழே அனுப்ப வேண்டும். ஜில்லா நிர்வாகம் இந்த மூன்றையும் உத்தரவாகப் போட்டால் போதும். வருவாய்த்துறை, வனத்துறை, சுற்றுலாத்துறை மூன்றில் யார் பொறுப்பு என்பதையும் அதே உத்தரவில் எழுதிவிட வேண்டும்.

தங்கப் போகிறவர்களுக்கும் கடமை உண்டு. பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஓடை இதுவரை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது? ஓடையைத் தாண்டாமல் வெளியேற வழி உண்டா? இரவில் விழித்திருப்பவர் யார்? பதில் சொல்லத் தயங்கினால், அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டியைத் திருப்புங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதில் தாட்சண்யமே பார்க்க வேண்டாம்.

நம் ஜில்லாவில் அப்படியொரு துயரச் செய்தி வந்த பிறகு கல் நடுவதைக் காட்டிலும், அடுத்த மழைக்கு முன் நடுவது நல்லது. ஆள்வோர் இதைச் செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம். செய்யும் வரை கேட்டுக்கொண்டிருப்பது நம் பொறுப்பு.