ஆப் கடல் தாண்டும், வியாபாரம் தாண்டுமா?

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் நம் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தோம். கலாநிதிப் பட்ட ஆய்வுக்குத் தயாராகிறாராம். தலைப்பைக் கேட்டோம். "டிஜிட்டல் ஸ்டார்ட்அப்கள் வெளிநாடுகளில் எப்படி வளருது என்டு பாக்கப் போறேன் சேர்" என்றார்.

அதே சஹனில் இருந்த வியாபாரி காக்கா ஒருவர் சிரித்தார். "இதுக்கு நாலு வருஷம் படிக்கணுமா தம்பி? ஒரு ஆப்பைச் செஞ்சு நெட்டுல போட்டா உலகமே எடுக்கும்தானே?"

நாமும் சேர்ந்து சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஊபரைப் பாருங்கள். பணமும் தொழில்நுட்பமும் நிறைந்த அமெரிக்கக் கம்பனி. 2013இல் சிங்கப்பூருக்கு வந்தது. 2018 மார்ச்சில் தென்கிழக்காசிய வியாபாரம் முழுவதையும் கிராப் கம்பனியிடம் ஒப்படைத்து, பதிலுக்கு அதில் 27.5 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டு வெளியேறியது. கிராப் 2012இல் மலேசியாவில் சாதாரண டாக்சிகளுக்கான ஆப்பாகத் தொடங்கியது. கிரெடிட் கார்ட் இல்லாதவரிடம் காசாக வாங்கியது. நெரிசலான ஊர்களில் மோட்டார் சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் ஊரை அறிந்தவன் வென்றான் என்று முடித்துவிடலாமா? இரண்டு கம்பனிகளிலும் ஒரே ஜப்பானிய முதலீட்டாளர் பணம் போட்டிருந்தார். அதுவும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துக் காட்டுவதுதான் ஆய்வாளரின் வேலை. அதற்கு நாலு வருஷம் அதிகமில்லை.

இந்தத் துறைக்கென்று ஒரு நீண்ட விவாதமும் உண்டு. 1977இல் சுவீடனின் ஜொஹான்சன், வால்னே என்ற இருவர், கம்பனிகள் முதலில் பக்கத்து நாட்டுக்குப் போய், பழகிப் பழகித்தான் தூரப் போகின்றன என்றார்கள். 1994இல் ஓவியட், மெக்டூகல் என்ற இருவர், பிறந்த நாளிலிருந்தே பல நாடுகளில் வியாபாரம் செய்யும் சிறு கம்பனிகளும் உண்டு என்று காட்டினார்கள். 2009இல் பழைய இருவரும் தங்கள் கருத்தைத் திருத்தி எழுதினார்கள். தூரத்தை விடப் பெரிய தடை, அந்த நாட்டின் தொடர்பு வலைக்கு வெளியே நிற்பதுதான் என்றார்கள்.

இதைப் படித்தபோது பேருவளை சீனன்கோட்டை மாணிக்க வியாபாரிகள்தான் நினைவுக்கு வந்தார்கள். யாரை யார் அறிமுகப்படுத்தினார், யார் வாக்குக்கு யார் பொறுப்பு என்பதை வைத்துத்தானே அங்கே கல் கைமாறுகிறது? நம் வாப்பாமார் அனுபவத்தில் கண்டதைத்தான் பேராசிரியர்கள் எழுத்தில் வைத்திருக்கிறார்கள். நாம் எழுதி வைக்கவில்லை.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் கம்பனி கொழும்பில் இருந்துகொண்டே உலகக் கம்பனிகளுக்கு விற்றது. 2024இல் ஈக்யூடி என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. இடையில் ஏறத்தாழ இருபது வருஷம். ஒரே இரவில் நெட்டில் போட்டு நடந்த காரியமல்ல அது.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம். பிள்ளை ஆய்வு செய்யப் போகிறேன் என்றால், "எத்தனை சம்பளம்?" என்பதோடு நிறுத்தாமல் "என்ன கேள்வி?" என்றும் கேளுங்கள்.

வியாபாரிகளிடமும் ஒன்று. இப்படியான ஆய்வுகள் பெரும்பாலும் தொழில் செய்தவர்களின் வாய்மொழியில் நிற்பவை. நாமோ வென்ற கதையை மட்டும்தான் சபையில் சொல்வோம். எந்த ஏஜென்டை நம்பி ஏமாந்தோம், எந்தக் கிளையை ஏன் மூடினோம் என்பதெல்லாம் நம்மோடு மண்ணுக்குள் போய்விடுகிறது. அடுத்த பிள்ளை அதே குழியில் விழுகிறது.

நாளை அந்தத் தம்பி கொப்பியும் பேனாவுமாக உங்கள் கடைக்கு வந்தால், ஒரு பிளேன்டி கொடுத்து உட்கார வையுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயர் போடமாட்டார். தோற்ற கதையையும் சொல்லுங்கள்.

சிரித்த காக்காவிடமும் இதைத்தான் சொல்லப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். அவரிடம்தான் நிறையக் கதை இருக்கிறது.