ஊதியமும் சம்பளமும்

சென்ற மாதம் ஒரு மாலைவேளையில், சித்தாண்டியிலுள்ள என் வீட்டுத் திண்ணைக்குக் கமக்காரர் ஒருவர் காணி உறுதியுடன் வந்தார். அவருடைய மகள் என் மாணவி. உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவிற் சித்தியெய்தியவள்.

"ஐயா, தனியார் இடத்தில தாதிப் படிப்பாம். முடிச்சா அமெரிக்காவில மயக்க மருந்து குடுக்கிற தாதியாப் போகலாமாம். சம்பளம் கோடிக்கணக்கில எண்டு சொல்றாங்க. வயல ஈடு வைக்கட்டா?" என்றார்.

தமிழ் கற்பிப்பவனிடம் கணக்குக் கேட்கின்றாரே என்று முதலில் எண்ணினேன். ஆயின் அக்கணக்கு ஒரு தமிழ்ச் சொல்லினுள்ளேயே அடங்கியுள்ளது. இன்று ஊதியம் என்றால் சம்பளம் என்றே பொருள் கொள்கின்றோம். வள்ளுவர் அதனை இலாபம் என்னும் பொருளிலேயே ஆண்டார். தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஒரு வினையால் அழிவது யாது, ஆவது யாது, பின்னர் எஞ்சும் ஊதியம் யாது என மூன்றையும் ஆராயுமாறு பணிக்கின்றார். நாமோ ஆவதை மட்டும் எண்ணி அமைகின்றோம்.

ஆவது மெய்யே. அமெரிக்காவில் மயக்க மருந்துத் தாதியர் ஆண்டொன்றுக்கு இரண்டு இலட்சம் டொலருக்கு மேற் பெறுகின்றனர். 2022 இல் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டக் கண்ட நம்மவர் அதை நோக்கி ஏங்குவதில் வியப்பில்லை.

இனி அழிவதைக் காண்போம். அங்கே முதலில் பதிவுபெற்ற தாதியாதல் வேண்டும். பின்னர் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓராண்டேனும் பணி. அதன்பின் மூன்றாண்டுக் கலாநிதிப் படிப்பு. அதற்குரிய கட்டணம் பல இடங்களில் ஓர் இலட்சம் டொலரைத் தாண்டும். படிக்குங்காலத்தில் வேலை செய்து சம்பாதித்தலும் அரிது. ஏற்கெனவே அங்கு தொழில் புரிபவருக்கு இக்கணக்கு நேராகலாம். சித்தாண்டியிலிருந்து புறப்படும் பெண்ணுக்கோ, அது பத்தாண்டுக்கு மேற்பட்ட வழியின் கடைசிப் படி. நம் நாட்டில் மயக்க மருந்து கொடுத்தல் மருத்துவர் பணி, தாதியர் துணைநிற்பர். ஆதலின் இடைவழியில் திரும்பினால் அந்தப் பதவி இங்கே காத்திருப்பதில்லை.

வட்டியையும் நோக்குக. இருபது இலட்சம் ரூபாயை நூற்றுக்குப் பதினைந்து வட்டிக்கு வாங்கினால், மூன்றாண்டில் வட்டி மட்டும் ஒன்பது இலட்சம். வயல் ஈட்டில் மூழ்கினால் அதன் விளைவும் போயிற்று.

மறுபுறம், 1945 இல் கன்னங்கரா முதலியோர் முயற்சியால் வந்த இலவசக் கல்வி இன்னும் நம்மிடம் உண்டு. அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்றாண்டு கற்பவர்க்குக் கட்டணம் இல்லை. மாதந்தோறும் கொடுப்பனவும் உண்டு. பதிலாக, குறித்த காலம் அரச பணிபுரிய உடன்பட வேண்டும். நம் அயலூராகிய வந்தாறுமூலையில் தலைமையகம் கொண்ட கிழக்குப் பல்கலைக்கழகமும் தாதியியற் பட்டம் வழங்குகின்றது.

"இடங்கள் சில, விண்ணப்பிப்போர் பலர். இடம் கிடையாதவர் என் செய்வர்?" என்று கேட்பின், அது நியாயமான வினாவே. தனியார் கல்வி தீதென்று நான் கூறேன். ஆயின் பணங்கட்டுமுன் மூன்றை எழுத்திற் கேட்டுப் பெறுக. இச்சான்றிதழைக் கொண்டு இந்நாட்டில் தாதியாகப் பதிவுபெற இயலுமா? செல்லக் கருதும் நாடு இதனை ஏற்குமா? இடையில் நிறுத்தினால் எவ்வளவு பணம் மீளும்? இவற்றிற்கு வாய்மொழியே விடையாயின், உறுதியைப் பெட்டியிலேயே வைத்திருத்தல் நன்று.

கமக்காரரிடமும் இதனையே கூறினேன். அவர் அந்த நிறுவனத்தாரிடம் சென்று கேட்டார். எழுத்தில் எதுவும் வரவில்லை. வயல் இப்போதைக்குத் தப்பியது. மகள் அரச பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருக்கின்றாள். கிடைக்குமோ என்ற கவலை அவ்வீட்டில் உண்டு. அக்கவலை எனக்கும் உண்டு.

ஆசிரிய நண்பர்களே, உயர்தர வகுப்பை முடித்து மாணவர் வெளியேறுமுன் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். கரும்பலகையில் அழிவது, ஆவது, ஊதியம் என மூன்று நிரல்கள் வரைந்து, அவர்களையே நிரப்பச் செய்யுங்கள். ஒரு குடும்பத்தின் காணி அந்த மூன்றாவது நிரலிலே தங்கியிருக்கின்றது.