ஊசிக் கணக்கில் சேரி எங்கே?

தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 89 பேருக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இந்தியா முழுமைக்கும் 76தான். முன்னோடி மாநிலம் என்று மார்தட்டுவதற்கு இந்த எண் போதும். நாம் கேட்பது ஒரே கேள்வி. மிச்சமுள்ள பதினோரு பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்?

மாநில அளவிலாவது அந்தக் கணக்கெடுப்பு சாதிவாரியாக ஒரு வரி போடுகிறது. மாவட்டத் தாளுக்கு வந்தால் அதுவும் இல்லை. சுகாதாரத்துறையின் மாதாந்திர அறிக்கையில் ஆண் பெண் உண்டு. ஊர், சேரி என்ற பிரிவு கிடையாது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து சுடுகாடு வரை பிரித்து வைத்த சமூகம், கணக்கு எழுதும்போது மட்டும் 'எல்லோரும் ஒன்று' என்கிறது. இந்தச் சமத்துவம் யாருக்கு லாபம்?

சராசரி என்பது ஊரையும் சேரியையும் ஒரே பானையில் கலக்கி ஒரு கரண்டி எடுத்துக் காட்டுவது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் தலித்துகள் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பேச்சுக்கு, ஊரில் 94, சேரியில் 69 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி என்ன வரும்? அதே 89! இது அளந்த எண் அல்ல. ஆனால் அந்த 89-க்குப் பின்னால் எவ்வளவு பெரிய பள்ளத்தை மூடிவைக்கலாம் என்று காட்ட இது போதும். தட்டம்மைக்குச் சராசரி தெரியாது. நூற்றுக்கு 95 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் அது அடங்கும். பாதுகாப்பில்லாத பிள்ளைகள் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தால் ஒரு கதை, ஒரே தெருவில் குவிந்திருந்தால் வேறு கதை. சேரி என்பதே குவித்து வைக்கப்பட்ட இடம்தானே தோழர்களே.

எண்ணுகிற முறையைப் பாருங்கள். போட்ட ஊசியை 'இலக்கால்' வகுத்தால் சதவீதம். இலக்கு எங்கிருந்து வருகிறது? மக்கள்தொகையையும் பிறப்பு விகிதத்தையும் பெருக்கி மேலே இருந்து இறக்குகிறார்கள். அதனால்தான் சில இடங்களில் நூற்றுக்கு மேலேயும் சாதனை வருகிறது! இல்லையென்றால் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைகளை மட்டும் எண்ணுகிறார்கள். செங்கல் சூளைக்குப் போன குடும்பத்தின் பிள்ளை ஊர்ப் பதிவேட்டில் 'வெளியூர்', சூளை இருக்கிற ஊரில் 'நம்ம ஏரியா இல்ல'. இரண்டு பக்கமும் கணக்கு சுத்தம். பிள்ளைதான் காணோம்.

சரி, வெளியிலிருந்து வந்து சோதிப்பவர்களாவது? உலக சுகாதார நிறுவனம் பல்லாண்டு சொல்லிக்கொடுத்த முறை, 30 இடம், இடத்துக்கு 7 குழந்தை, மொத்தம் 210. கிராமத்தின் நடுவில் போய் நில். ஒரு திசையைக் குலுக்கி எடு. அந்தத் திசையில் ஒரு வீட்டில் தொடங்கு. பிறகு பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு என்று ஏழு சேரும்வரை போ. நம் கிராமத்தின் நடு எது? கோயில்! அங்கிருந்து பக்கத்து வீடு, பக்கத்து வீடு என்று நடந்தால் சேரி வருமா? இடையில் வயலும் வாய்க்காலும் கிடக்கிறதே! ஏழு பிள்ளையும் ஊர்த் தெருவிலேயே கிடைத்துவிடும். 2018 கையேட்டில் அந்த நிறுவனமே இந்த வழியை விட்டுவிட்டு, வீட்டுப் பட்டியல் எடுத்துக் குலுக்கச் சொன்னது. சாதிக்காக அல்ல, புள்ளியியலுக்காக. சேரிக்காரன் ஒரு நாள் நின்று பார்த்திருந்தாலே இந்த ஓட்டையைச் சொல்லியிருப்பான்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அரசு என்ன செய்தது? ஊருக்குள் வந்து போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது. பாதுகாப்பு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுப்பது? அன்றன்றைக்குக் கூலிக்குப் போனாத்தான் அடுப்பு எரியும் என்கிற தாய், ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டால்தான் ஊசி. 2005-06 கணக்கெடுப்பில் 81 ஆக இருந்த எண், 2015-16-இல் 70-க்கு இறங்கியது. இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் முகாமைத் தூரத்துக்குத் தள்ளினால் முதலில் விடுபடுவது யார் என்று தெரியாதா?

கேட்டால் 'விழிப்புணர்வு இல்லை' என்கிறார்கள். யாருக்கு? 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்ந்து 2006-இல் வந்த 'ஊரக இந்தியாவில் தீண்டாமை' என்ற ஆங்கில நூல், மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுத்ததைப் பதிவு செய்தது. விழிப்புணர்வு அவர்களுக்கு நடத்துங்கள். நர்சம்மாவை மட்டும் குற்றம் சொல்லவும் மாட்டோம். ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்று போட்டு, இலக்கைத் தலையில் ஏற்றியவன் மேலே உட்கார்ந்திருக்கிறான்.

முடியாது என்று சொல்லாதீர்கள். போலியோவுக்கு முடிந்தது. 1995-இல் தொடங்கினார்கள், பிறகு வீடு வீடாக வந்தார்கள், சுண்டுவிரலில் மை வைத்தார்கள், கதவில் சுண்ணக்கட்டியால் குறி போட்டார்கள், விடுபட்ட வீட்டுக்குத் திரும்ப வந்தார்கள். சூளை, கட்டடவேலை இடம், நாடோடிக் கூடாரம் எல்லாவற்றையும் பட்டியலிட்டார்கள். 2011 ஜனவரியோடு நோய் நின்றது. 2014 மார்ச்சில் சான்றிதழ் வந்தது. நம் பிள்ளைகளை விட்டால் தன் பிள்ளைக்கும் வரும் என்ற பயம் இருந்தபோது வழி தெரிந்தது!

ஊசியே ஏகாதிபத்தியச் சதி என்று பேசுகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்ப் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டு பிழைக்கும், உங்கள் பேச்சை நம்பிய சேரிப் பிள்ளை சாகும். நமக்கு ஊசியும் வேண்டும், கணக்கும் வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை: ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனித்தனி எண்ணை வெளியிடு. இலக்கை மேலே பெருக்காதே, பிறந்த பிள்ளைகளைப் பெயர் சொல்லி எண்ணு. மருத்துவ வசதியோடு சேரித் தெருவில், கூலி முடிந்து வரும் மாலையில் முகாம் நடத்து. ஆய்வுக்கு வருகிறவன் சேரியிலிருந்து தொடங்கட்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். மாணவர் தோழர்கள் விடுமுறைக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். உங்கள் தெருவில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, யாரிடம் ஊசி அட்டை இருக்கிறது, மூன்று தவணையில் எங்கே நின்றுபோனது, ஏன் நின்றது என்று எழுதுங்கள். கிராமசபையில் எழுந்து அதை வாசியுங்கள். அவர்கள் 89 என்று சொல்லட்டும். நாம் பெயர்ப் பட்டியலை நீட்டுவோம்.