ஜப்திக் கணக்கில் வராத கிடர்பூர்

கடன் தவணை தவறியவரின் வீட்டை வங்கி தன்வசப்படுத்தினால், ஏழு நாள்களுக்குள் இரு நாளிதழ்களில் சுவாதீன அறிவிப்பு வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும் என்பது விதி. கடனாளியின் பெயர், பாக்கித் தொகை, வீட்டின் விவரம் என அனைத்தும் ஊரறிய அச்சேறிவிடும். 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி மேலும் ஒருபடி சென்று, இவ்விவரங்களை ஒவ்வொரு கடன் நிறுவனமும் தனது இணையதளத்தில் வெளியிட்டு, மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும் என உத்தரவிட்டது. ஆனால், ஒரு மாநகரின் எந்தப் பகுதியில் எத்தனை வீடுகள் இவ்வாறு பறிபோயின என்று கேட்டால் தொகுத்துச் சொல்வாரில்லை.

2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, 60 நாள் கெடு முடிந்ததும் உரிமையியல் நீதிமன்றத்தை நாடாமலேயே வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். கொல்கத்தா, சென்னை போன்ற பெருநகரங்களில் நடுவரின் உதவியையும் கோரலாம். இத்தனை வலுவான அதிகாரம் எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதற்கு ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை தருவதோ நாடு தழுவிய மொத்த எண்ணிக்கையும் மீட்கப்பட்ட தொகையும் மட்டுமே. ஆலையும் அடுக்குமாடி வீடும் அதில் ஒரே பத்தியில் அடங்கிவிடுகின்றன. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினாலும் பெரும்பாலும் இந்தக் கோடிக்கணக்குகளே பதிலாக வருகின்றன. இங்கிலாந்தில் நீதித் துறை அமைச்சகம் காலாண்டுதோறும் உள்ளாட்சி வாரியாக இக்கணக்கை வெளியிடுவதால், லண்டனின் ஒரு வட்டாரத்தை மற்றொன்றுடன் யாரும் ஒப்பிட முடிகிறது.

இங்கும் அத்தகைய வரைபடம் ஒன்று தயாரானால் கொல்கத்தாவின் கிடர்பூர் எப்படித் தோன்றும்? அநேகமாக அமைதிப் பூங்காவாகத்தான். 1892இல் திறக்கப்பட்ட கப்பல்துறையைச் சுற்றி வளர்ந்த இப்பகுதியின் குடிசைப் பகுதிகளில் 'டிக்கா' குத்தகை முறை வேரூன்றியது. நிலம் ஜமீன்தாருடையது, அதன்மேல் கட்டிய குடிசை குத்தகைதாரருடையது, அதில் வாடகைக்கு இருப்பவர் மூன்றாமவர். 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்தாரை அகற்றி நிலத்தை அரசுடைமையாக்கியது. இது வரவேற்கத்தக்க சீர்திருத்தமே. ஆயினும், வெளியாருக்கு விற்பதில் கட்டுப்பாடு உள்ள மனையை ஏலம் விட்டு எப்படிக் கடனை மீட்பது என்று வங்கிகள் தயங்கின. பட்டா இல்லாதவருக்கு வீட்டுக் கடன் இல்லை. கடனே இல்லாத இடத்தில் ஜப்தி ஏது? அடுத்துள்ள அலிப்பூரில் ஜப்தி அறிவிப்பு வந்தால், அங்கு வங்கி கடன் கொடுத்திருக்கிறது என்ற பொருளும் அதில் அடங்கியிருக்கிறது.

அதற்காகக் கிடர்பூர்வாசிகளின் கூரை பத்திரமானது என்று கருதிவிட முடியாது. துறைமுக நிர்வாகத்துக்குச் சொந்தமான நிலத்தில் இருப்போர் மீது 1971ஆம் ஆண்டின் பொது வளாகச் சட்டம் பாயலாம். நோட்டீஸ் அனுப்புவதும், விசாரிப்பதும், வெளியேற்ற ஆணையிடுவதும் எஸ்டேட் அதிகாரியே. வழக்குத் தொடுப்பவரின் அதிகாரியே நீதிபதியாகவும் அமரும் விசித்திரம் இது. இப்படி வீடிழப்பவர் எந்த வங்கியின் பட்டியலிலும் இடம்பெற மாட்டார். டிக்கா குடிசையில் வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றினால், அதுவும் ரிசர்வ் வங்கியின் கணக்கில் வராது.

சென்னைவாசிகளுக்கு இது புதிதல்ல. தலைமுறைகளாகக் கோயில் மனையில் குடியிருப்பவர் அதை அடமானம் வைக்க முடியாது. ஆனால், 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி ஆக்கிரமிப்பாளர் என்று முடிவானால் அவரை வெளியேற்ற முடியும். அவருக்கும் வங்கிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எனவே, வங்கிகளின் கணக்கை மட்டும் கேட்டுப் பெற்று, ஜப்தி குறைவான பகுதிகளில் மக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நிதி அமைச்சகம் முடிவுகட்டினால் அது பிழையாகும். மாதந்தோறும் வெளியாகும் பட்டியல்களில் முகவரிகள் இருக்கின்றன. கடனாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டு, அஞ்சல் குறியீட்டு எண் வாரியாக அவற்றை ரிசர்வ் வங்கி தொகுத்து வெளியிடுவதில் என்ன சிரமம்? அதே பகுதிகளில் எஸ்டேட் அதிகாரிகள் பிறப்பித்த வெளியேற்ற ஆணைகளின் எண்ணிக்கையைத் துறைமுகம், ரயில்வே உள்ளிட்ட மத்திய துறைகளிடம் பெற்று அதனருகே வைக்க வேண்டும். நிதித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இவ்விரு கணக்குகளையும் ஒருசேரக் கேட்கலாம்.