திரும்பி வர வழி வேண்டும்!

நேற்று இரவு வரை கம்ப்யூட்டரில் இணையம் வந்தது. காலையில் பார்த்தால் வரவில்லை. கம்பி அறுந்ததா? இல்லை. பெட்டி எரிந்ததா? இல்லை. யாரும் அதைத் தொடவும் இல்லை.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. வீட்டார் தூங்கிக் கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் தன்னைத் தானே புதுப்பித்துக் கொண்டது!

வேலைக்கு மனு அனுப்ப அன்றுதான் கடைசி நாளாக இருக்கும். பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்தை அன்றுதான் கட்டவேண்டி இருக்கும். அவசரத்தில், "உள்ளே ஏதோ கெட்டுப் போய்விட்டது, புதிதாக வாங்கவேண்டியதுதான்" என்று முடிவு கட்டி விடுகிறார்கள். கெடாத சாமானுக்குப் பணம் போகிறது.

இதில் வீட்டார் தெரிந்து கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் கம்பெனிகள் தெரிந்து கொள்ள வேண்டிய பாடமும் அதுதான். புதியதைப் போடும்போது, பழையதற்குத் திரும்பி வர வழி வைக்க வேண்டும்.

டிரைவர் என்பது யார்?

கம்ப்யூட்டருக்குள் இணையத்தைப் பிடிப்பதற்கு ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. கம்பி வழியாக வரும் இணையத்துக்கு ஒன்று. கம்பி இல்லாமல் வரும் வை-பைக்கு ஒன்று. இவற்றைப் பல கம்பெனிகள் செய்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

விண்டோஸ் போன்ற மென்பொருள்தான் கம்ப்யூட்டரை நடத்தும் எஜமான். அந்த எஜமானுக்கு இந்த உறுப்புகளின் பாஷை தெரியாது. நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிக்குத்தான் "டிரைவர்" என்று பெயர். கார் ஓட்டுகிறவர் அல்ல. இதுவும் ஒரு சிறு மென்பொருள்தான்.

எஜமானும் நல்லவர், வேலைக்காரனும் நல்லவன், துபாஷி மட்டும் உளறினால் என்ன ஆகும்? வேலை நடக்காது. உறுப்பு ஒழுங்காக இருந்தும் இணையம் வராமல் போவது இப்படித்தான்.

மருந்தும் அதே வழியில்!

2016-ம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில், அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி தன் மேக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பட்டியலை அனுப்பியது. இன்ன இன்ன டிரைவர்களை ஓட விடக்கூடாது என்று சொல்லும் பாதுகாப்புப் பட்டியல் அது.

தவறுதலாக அந்தப் பட்டியலில் ஆப்பிளின் சொந்த டிரைவரே சேர்ந்து விட்டது! கம்பி வழி இணையத்தை நடத்தி வந்த டிரைவர் அது. பல மேக் கம்ப்யூட்டர்களில் கம்பி வழி இணையம் நின்றது.

கம்பெனி தவற்றைத் திருத்திப் புதுப் பட்டியல் அனுப்பியது. ஆனால் அது எந்த வழியில் போகும்? இணைய வழியில்தான் போகவேண்டும். அந்த வழியைத்தான் முதல் பட்டியல் அடைத்து விட்டதே!

வை-பை இருந்தவர்கள் அதன் மூலம் திருத்தத்தைப் பெற்றார்கள். கம்பியை மட்டுமே நம்பியிருந்தவர்கள், கம்பெனி சொன்ன முறைப்படி, தவறான பட்டியலைக் கையாலேயே நீக்க வேண்டியதாயிற்று.

2023 டிசம்பரில் விண்டோஸ் 11-க்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. அந்த மாதம் வந்த புதுப்பித்தலுக்குப் பிறகு, சில கம்ப்யூட்டர்களில் வை-பை வேலை செய்யவில்லை. பல்கலைக் கழகங்களிலும் அலுவலகங்களிலும் தொல்லை ஏற்பட்டது. மைக்ரோசாப்ட் கம்பெனி என்ன செய்தது? தான் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துக் கொண்டது. வை-பை வந்தது. உறுப்புகள் எதுவும் கெட்டிருக்கவில்லை!

வீட்டில் என்ன செய்வது?

முதலில் செல்போனை எடுத்துப் பார்க்க வேண்டும். அதே வை-பையில் செல்போனுக்கு இணையம் வருகிறதா? வந்தால், தெருவிலிருந்து வரும் இணைப்பும் நல்லது. வீட்டில் இருக்கும் ரூட்டர் பெட்டியும் நல்லது. பழுது கம்ப்யூட்டரில் மட்டும்தான். செல்போனுக்கும் வரவில்லை என்றால், கம்ப்யூட்டரைக் குறை சொல்வதில் பயன் இல்லை.

இரண்டாவது, கம்ப்யூட்டரை நன்றாக அணைத்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். சில சமயம் இதிலேயே சரியாகி விடும்.

மூன்றாவது, கடைசியாக நடந்த மாற்றம் எது என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் "அப்டேட் ஹிஸ்டரி" என்ற பகுதி உண்டு. எந்தத் தேதியில் எது புதுப்பிக்கப்பட்டது என்ற கணக்கு அதில் இருக்கும். இணையம் நின்ற நாளும் புதுப்பித்த நாளும் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் கள்ளன் அங்கேதான் இருக்கிறான்.

நான்காவது, "டிவைஸ் மேனேஜர்" என்ற பகுதியைத் திறந்து, "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். இணைய உறுப்பின் பெயர் அங்கே இருக்கும். பெயரின் மேல் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி இருந்தால், உறுப்பு அங்கே இருக்கிறது. அதன் துபாஷியிடம்தான் கோளாறு என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அந்தப் பெயரை இருமுறை அழுத்தினால் ஒரு கட்டம் திறக்கும். அதில் "டிரைவர்" என்ற பக்கத்தில் "ரோல் பேக் டிரைவர்" என்ற பொத்தான் உண்டு. பழைய டிரைவரைத் திரும்பக் கொண்டு வரும் பொத்தான் அது. அதை அழுத்தி, கம்ப்யூட்டரை மறுபடி போட்டால் பல சமயம் இணையம் வந்துவிடும்.

சில சமயம் அந்தப் பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். பழைய டிரைவர் கைவசம் இல்லை என்று அர்த்தம். அப்போதும் வழி உண்டு. செல்போனைச் சார்ஜ் செய்யும் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்து, செல்போனில் "யு.எஸ்.பி. டெதரிங்" என்பதைப் போட்டால், செல்போனின் இணையம் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும். அதைக்கொண்டு, கம்ப்யூட்டர் செய்த கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்து சரியான டிரைவரை எடுத்துப் போடலாம்.

இங்கே எச்சரிக்கை தேவை. "உங்கள் டிரைவரை இலவசமாகச் சரி செய்கிறோம்" என்று வலை விரிக்கும் முன்பின் தெரியாத பக்கங்களுக்குப் போகக்கூடாது. டிரைவர் தேடப்போய்த் திருடனை வீட்டுக்குள் விட்ட கதை ஆகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும், உறுப்பின் பெயரே டிவைஸ் மேனேஜரில் இல்லை என்றால், அப்போது உறுப்பு கெட்டிருக்கலாம். கடைக்குப் போகவேண்டிய நேரம் அதுதான். போகும்போது, என்ன என்ன செய்து பார்த்தோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பழுது பார்ப்பவருக்கும் வேலை சுலபம். வீண் செலவும் மிச்சம்.

புதுப்பித்தலே வேண்டாமா?

"அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்து விடலாமே!" என்று சிலர் சொல்வார்கள். அது பெரிய ஆபத்து.

2017 மே மாதத்தில் "வானாகிரை" என்ற நாசகார மென்பொருள் சுமார் 150 நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே தடுமாறின. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அதைப் போட்டுக் கொள்ளாத கம்ப்யூட்டர்கள் மாட்டிக் கொண்டன!

ஆகவே புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் முன்னேற்பாடு வேண்டும். இணையம் நன்றாக ஓடும் நாளிலேயே, இணைய டிரைவரின் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்து வைக்கலாம். மறுநாள் முக்கிய வேலை இருந்தால், முந்தின இரவு புதுப்பித்தலை நிறுத்தி வைக்கலாம். விண்டோஸில் அதற்கும் வசதி உண்டு. வேலை முடிந்ததும் மறக்காமல் புதுப்பித்துவிட வேண்டும்.

கம்பெனிகளின் பொறுப்பு

வீட்டார் மட்டும் கவனமாக இருந்தால் போதுமா? போதாது.

2024 ஜூலை 19-ந்தேதி, அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி ஒரு தவறான புதுப்பித்தலை அனுப்பியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் செயலிழந்தன என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. பல நாடுகளில் விமானங்கள் நின்றன. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன!

தவறான புதுப்பித்தலை அந்தக் கம்பெனி 78 நிமிஷத்தில் திரும்ப எடுத்துக் கொண்டது. ஆனாலும் என்ன? விழுந்த கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்குத் திருத்தம் போய்ச் சேர வழி இல்லை. ஒவ்வொன்றையும் ஆட்கள் நேரில் போய்க் கையால் எழுப்ப வேண்டியிருந்தது.

இனிப் புதுப்பித்தல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்படியாக அனுப்புவோம் என்று அந்தக் கம்பெனி பிறகு அறிவித்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் அல்லவா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிறார்கள். லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குப் பரிமாறும் முன் பதம் பார்க்க வேண்டாமா?

புதுப்பித்தல் அனுப்பும் கம்பெனி முதலில் சிறு கூட்டத்துக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பழைய டிரைவரை அழிக்காமல் வைக்க வேண்டும். புதியது ஓடாவிட்டால், கம்ப்யூட்டர் தானாகவே பழையதற்குத் திரும்பும்படி செய்ய வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஒரு குடும்பத் தலைவி திண்டாடும்படி விடக்கூடாது.

ஆற்றைக் கடக்கப் புதுப் பாலம் கட்டுகிறவர்கள், அது உறுதியானது என்று தெரியும் வரை பழைய ஓடத்தை உடைத்துப் போடுவதில்லை. கம்ப்யூட்டர் உலகத்துக்கும் அந்தப் புத்தி வேண்டும். வரும் வரை வீட்டார் பழைய ஓடத்தைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்!