தவணையும் தீர்வும்

1895இல் கிளாஸ்கோ பத்திரிகையொன்றில் பார்பியே வெளியிட்ட சதுரங்க நிலை 'டிரா' என்றே நம்பப்பட்டது. சாவேத்ரா என்ற பாதிரியார் கடைசிச் சிப்பாயை ராணியாக்காமல் யானையாக்கி, வெள்ளை ஜெயிக்குமென்று காட்டினார். ராணியாக்கினால், கறுப்பு தன் யானையைப் பலியிட, ராஜா நகர வழியின்றி ஆட்டம் சமனாகிவிடும்.

இந்தப் பொறியை வைப்பதே கறுப்பின் சிறந்த நகர்வு என்கிறேன். கணினி மறுக்கிறது. முன்பே ராணியை வரவிட்டு யானையோடு இழுத்தடித்தால் தோல்வி இன்னும் தள்ளிப்போகுமாம். நண்பர்களும் தலையாட்டுகிறார்கள்.

நான் வங்கி குமாஸ்தா. தவணை நீட்டிப்பு கடனடைப்பல்ல என்று தெரியும். எதிராளி தவறவே மாட்டான் என்று வைத்துக்கொண்டு நகர்வுகளை எண்ணுவது கணக்கு. அவனை யோசிக்க நிர்ப்பந்திப்பது சிருஷ்டி. பொறியில்லையேல் சாவேத்ராவும் இல்லை. நீளத்தை ஆழமென்று மயங்கும் விமர்சனம் நம்மிடம் ஏற்கனவே ஏராளம். அதற்கு யந்திரம் வேறா?