சட்டையில க்யூ.ஆர். கோடு வருது. அதுக்கான செலவு யார் தலையில?

செஞ்சியில உக்காந்துக்கிட்டு திருப்பூர் பனியனைப் பத்தி எதுக்குப் பதிவுன்னு சிலர் கேப்பீங்க. மழை ஏமாத்துன வருஷத்துல எத்தனை குடும்பம் திருப்பூருக்கு பஸ் ஏறுதுன்னு உங்க தெருவிலேயே எண்ணிப் பாருங்க. அங்க ஓவர்லாக் ஓட்டுறவங்க, செக்கிங் டேபிள்ல நிக்கிறவங்க, பேக்கிங்ல மடிக்கிறவங்கன்னு நம்ம ஆட்கள் நிறைய பேர். அந்த வேலை இனி எப்படி நடக்கணும்னு முடிவு பண்ற விதிகளை இப்போ பிரஸ்ஸல்ஸ்ல எழுதிக்கிட்டு இருக்காங்க. நம்ம டிவி விவாதத்துல அதைப் பத்தி ஒரு பேச்சும் இல்ல.

விஷயம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த நிலைத்த பொருட்களுக்கான வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலை 18-ல் அமலுக்கு வந்தாச்சு. அதில் 'டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட்' என்று ஒன்று இருக்கு. சட்டையில் இருக்கும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணினால் என்ன நூல், என்ன ரசாயனம், எவ்வளவு நாள் உழைக்கும், மறுசுழற்சி பண்ண முடியுமா என்கிற மாதிரி விவரங்கள் தெரியணும். துணிக்கு ஆதார் கார்டுன்னு வச்சுக்கோங்க. 2025 ஏப்ரலில் அவங்க வெளியிட்ட செயல்திட்டத்தில் ஆடைகள் முன்வரிசையில் இருக்கு. ஆடைக்கான விரிவான விதி 2027-ல் வரும் என்பது கணக்கு. அதுக்குப் பிறகு தயாராக குறைந்தது 18 மாசம் அவகாசம். பெரிய கம்பெனிகள் விக்காத துணியை அழிக்கக் கூடாது, 2026 ஜூலை 19 முதல் தடை என்றும் அதே சட்டம் சொல்லுது. நல்ல விஷயம். நான் இந்தச் சட்டத்துக்கு எதிரி இல்லை.

என் கேள்வி, இந்த விவரத்தை எல்லாம் உக்காந்து டைப் அடிக்கப் போறது யாருங்கறதுதான்.

சட்டப்படி பொறுப்பு, பொருளை ஐரோப்பாவில் விக்கிறவங்களுக்கு. ஆனா அந்த பிராண்டுகிட்ட எந்த விவரமும் கிடையாது. ஒரு டி-ஷர்ட் எப்படி உருவாகுதுன்னு பாருங்க. பஞ்சு குஜராத்திலோ மகாராஷ்டிராவிலோ இருந்து வரும். கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் நூலாகும். திருப்பூர் வந்து நிட்டிங் ஒரு இடம், டையிங் இன்னொரு இடம், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி ஒவ்வொண்ணும் வேற வேற ஜாப் ஒர்க் யூனிட். ஆர்டர் அதிகமானா தையல் வேலையில ஒரு பகுதி பவர் டேபிள் காரங்ககிட்ட போகும். ஒவ்வொரு கைக்கும் நடுவுல ஓடுறது ஒரு டெலிவரி சலான், அதுல பேனாவுல எழுதின லாட் நம்பர். பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய தகவல் முழுக்க இந்தச் சலான் கட்டுகளுக்குள்ளதான் சிதறிக் கிடக்கு. நாலு மெஷினோ பத்து மெஷினோ வச்சிருக்கிற ஆள் சாஃப்ட்வேருக்கும் ஆடிட்டுக்கும் சான்றிதழுக்கும் காசு கட்டணும். பீஸ் ரேட்டுல பத்து பைசா கூட்டிக் கேட்டாலே அடுத்த ஆர்டர் வேற யூனிட்டுக்குப் போயிடும் என்கிற நிலைமையில இருக்கிறவர் அவர்.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தப்ப இதே கதையைப் பார்த்தோம். பெரிய கம்பெனி ஒரே வாரத்துல சாஃப்ட்வேர் மாத்திக்கிச்சு. சின்ன ஆள் ஆடிட்டர் ஆபீஸ் வாசல்ல நின்னார்.

"இவங்க ஏன் நம்மளை நம்ப மாட்டேங்கிறாங்க?" என்று கோபப்படுறவங்களுக்கு ஒரு நினைவூட்டல். 2020-ல் இயற்கைப் பருத்திக்கான சர்வதேசத் தர அமைப்பு, இந்தியாவில் சுமார் 20,000 டன் சாதாரணப் பருத்தி போலிச் சான்றிதழோட இயற்கைப் பருத்தி என்ற பெயர்ல போனதைக் கண்டுபிடிச்சது. காகிதத்தை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு நாமதான் உலகத்துக்குக் காட்டியிருக்கோம். அதனால டிஜிட்டல் பதிவு வேண்டாம்னு சொல்ல நமக்கு வாயில்லை.

ஆனா திருப்பூர் தலை நிமிர்ந்து காட்டக்கூடிய கணக்கு ஒண்ணு இருக்கு. சாயக்கழிவு நொய்யலைக் கொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணிக் குட்டையாச்சு. கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டாங்க. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம்தான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை, பொது சுத்திகரிப்பு நிலையங்களில் நிஜமா நடைமுறைக்கு வந்துச்சு. தண்ணியில பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து அதே சாயத்தொட்டிக்கு அனுப்புறாங்க, உப்பையும் பிரிச்சு எடுக்கிறாங்க. விவசாயியோட போராட்டத்துக்கும் பட்டறைக்காரர் கட்டின கடனுக்கும் பிறகு கிடைச்சது இது. இந்த வேலையைச் செய்யாத ஊர்ல சாயம் போட்ட துணியும் இந்தத் துணியும் ஐரோப்பாவுல ஒரே ரேக்குல, கிட்டத்தட்ட ஒரே விலைக்குத் தொங்குது. பாஸ்போர்ட்டை ஒழுங்கா பயன்படுத்தினா முதல் தடவையா அந்த வித்தியாசம் வாங்குறவர் கண்ணுக்குத் தெரியும். நான் இந்தச் சட்டத்தை ஆதரிக்கிறதுக்குக் காரணமே இதுதான்.

அதுக்கு அரசாங்கம் இப்பவே இறங்கணும். ஒவ்வொரு பிராண்டும் தன் தனி போர்ட்டலைக் கொடுத்து, ஒரே விவரத்தை பத்து இடத்துல ஏத்தச் சொன்னா சின்ன யூனிட் செத்துடும். தமிழ்நாடு மின் ஆளுமை முகமைகிட்ட 'நம்பிக்கை இணையம்' என்ற பிளாக்செயின் கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கு. மத்திய அரசு 'கஸ்தூரி காட்டன்' திட்டத்துல பஞ்சு பேலுக்கே க்யூ.ஆர். போடுது. ரெண்டையும் இணைச்சு திருப்பூருக்கு ஒரு பொதுப் பதிவேடு கட்ட முடியும். ஜாப் ஒர்க்கர் தமிழ்ல, போன்ல, சலானை ஒரு தடவை ஏத்தினா போதும். எந்த பையரும் அதையே படிச்சுக்கட்டும். சுத்திகரிப்பு நிலையத்து மீட்டர் கணக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆன்லைன்ல போகுது, அதை மறுபடி ஆள் வச்சு டைப் பண்ணத் தேவையில்லை. இஞ்சினியரிங் படிச்சவன் என்ற முறையில சொல்றேன், இது ராக்கெட் விடுற வேலை இல்லை. மனசு வச்சா முடியும்.

நேரமும் அதிகம் இல்லை. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனப்ப திருப்பூர் எப்படி ஆடிப்போச்சுன்னு பார்த்தோம். 2026 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தோட வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிஞ்சதா அறிவிப்பு வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. வரி குறைஞ்சாலும், பாஸ்போர்ட் இல்லாத சட்டை அந்த வாசலைத் தாண்டாது.

இன்னொண்ணும் இருக்கு, எனக்கு இதுதான் பெரிசாப் படுது. இந்தச் சட்டம் கேக்குறது தண்ணி, ரசாயனம், கார்பன். தைச்சவருக்கு என்ன கூலின்னு அது கேக்கலை. கட்டாய உழைப்புல செஞ்ச பொருளுக்குத் தடை போடுற தனிச்சட்டம் 2027 டிசம்பர் 14-ல் அமலாகுது. அதுவும் கொடுமையோட கடைசி எல்லையைத்தான் தொடும். ஆனா பெரிய ஃபாக்டரிகள்ல பண்டல் சீட்டுல பார்கோடு வந்தாச்சு, எந்த டெய்லர் ஒரு மணி நேரத்துல எத்தனை பீஸ் தைச்சார்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். வேகத்தை அளக்க முடியுதுன்னா ஓவர்டைம் கூலி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டினதையும் அதே வரிசையில பதிய முடியும். ஒரு தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு 2022-ல் வந்த திண்டுக்கல் ஒப்பந்தத்துல, தொழிற்சங்கமும் ஆலையும் சர்வதேச பிராண்டும் கையெழுத்துப் போட்டாங்க. பிராண்டைப் பொறுப்பேத்துக்க வைக்க முடியும்னு நம்ம மாநிலத்துப் பெண்கள் சங்கம்தான் காட்டுச்சு. பொதுப் பதிவேடு கட்டுற குழுவுல ஏற்றுமதியாளர், அதிகாரி மட்டும் இல்லாம ஜாப் ஒர்க் சங்கமும் தொழிற்சங்கமும் உக்காரணும். பதிவேட்டுச் செலவை பையர் விலையில சேர்த்துக் கொடுக்கணும்னு ஏற்றுமதி ஒப்பந்தத்துலயே எழுதணும்.

திருப்பூர்ல வேலை பாக்குற நம்ம ஊர்க்காரங்க கமெண்ட்ல எழுதுங்க: உங்க கம்பெனியில பார்கோடு வந்தாச்சா? அதுல உங்க கூலி ஏறுதா, பீஸ் எண்ணிக்கை மட்டும்தானா? காலையில இருட்டோட செய்யாறு ஷூ கம்பெனி பஸ் ஏறுற அக்காக்களும் சொல்லுங்க. காலணியையும் இந்தச் சட்டத்துக்குள்ள கொண்டுவரலாமான்னு 2027 முடிவுக்குள்ள ஆய்வு நடத்துறதா அவங்க செயல்திட்டத்துல இருக்கு.